அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விடலாமா?

கேள்வி — 11 மார்ச் 2025

அம்மாவுக்கு 74 வயது. போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரையும் உண்டு. வெள்ளிக்கிழமை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன்மார் இருவரும் "உனக்குத்தான் குடும்பம் இல்லையே, வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள், மாதாமாதம் நாங்கள் கொடுக்கிறோம்" என்கிறார்கள். எனக்கு 46. கோலாலம்பூர் செராஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. விடலாமா? வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில் — 12 மார்ச் 2025, இரவு 11.40

இந்த மாதம் விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் செந்தூலில் நாலாவது மாடி. என் அம்மாவுக்கு 2021 ஜூனில் வந்தது. முழு முடக்கம் நடந்துகொண்டிருந்த நேரம், வார்டுக்குள் யாரையும் விடவில்லை. ஒரு நாள் காலை வாசலுக்கு வரச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் அம்மா, மடியில் மருந்துப் பை, ஒரு தாள். அவ்வளவுதான். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது, ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாரமே வேலையை விட்டேன். லாரி கம்பெனியில் 19 ஆண்டு வேலை, ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடிந்தது.

அம்மா மூன்றாம் மாதக் கடைசியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரைக்கும் நடந்தார். அது முன்பே தெரிந்திருந்தால் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருப்பேன். முதலாளி கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், நான் கேட்கவே இல்லை. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் தேறுகிறார்கள். உங்கள் அம்மா எந்த அளவுக்குத் தேறுவார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் வேலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு போடுகிறார், அதுவும் நின்றுவிடும். போதாததற்கு 2024 மே மாதத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. வருமானம் இல்லாதவன் கையில் அது எத்தனை நாள் தங்கும் என்று என்னைக் கேளுங்கள். அண்ணன்மார் கொடுப்பார்கள். ஆறு மாதம் கொடுப்பார்கள். அப்புறம் அவர்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் திறக்கும், கார் பழுதாகும்.

வாங்க வேண்டியதற்கு வருகிறேன். கட்டில் வாங்காதீர்கள். நான் 2,800 வெள்ளி கொடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கினேன். லிஃப்டுக்குள் நுழையவில்லை. கம்பெனி நண்பர்கள் மூன்று பேர் நாலு மாடி சுமந்து வந்தார்கள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே. அம்மா இரண்டு இரவு படுத்தார். மூன்றாம் இரவு "இது பொணக் கட்டில்டா, எடுத்துரு" என்றார். இப்போது அதில் துணி காயப்போடுகிறேன்.

முதலில் தேவைப்படுவது கமோட் நாற்காலி. அடுத்து, குளிக்கும்போது உட்கார ரப்பர் கால் வைத்த நாற்காலி. குளியலறைச் சுவரில் துளை போட்டு முடுக்கிய கைப்பிடி. ஒட்டிக்கொள்கிற ரப்பர் கைப்பிடி வேண்டவே வேண்டாம், ஈரத்தில் கழன்று வரும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு. உட்காரும் இடத்தில் புண் வராமலிருக்க, நடுவில் ஓட்டையுள்ள வட்ட மெத்தை.

13 மார்ச், காலை 6.15

தூக்கம் வரவில்லை, ஒன்று விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை வார்டை விட்டுக் கிளம்பும் முன், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று நர்ஸையோ பிசியோவையோ செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். வெட்கப்பட்டால் இடுப்பு போய்விடும், எனக்குப் போயிற்று. நாற்காலி எப்போதும் நல்ல பக்கம் இருக்கட்டும், உங்கள் அம்மாவுக்கு இடது பக்கம். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும்.

உடுத்தும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் ஒன்றரை மாதம் ஒவ்வொரு காலையும் ரவிக்கையோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் ரவிக்கையே வேண்டாம் என்று முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் கைலியும் ஆக்கிவிட்டேன். ரப்பர்த் தோட்டத்துப் பெண்களுக்குக் கைலி புதிதா என்ன.

16 மார்ச், இரவு

வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் குடித்தால் இருமுகிறார், சோறு சாப்பிட்டால் இருமல் இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர்தான் வேகமாக ஓடுகிறது. விழுங்கும் தசை தாமதமாக மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குப் போய்விடுகிறது. அதனால் வருகிற நிமோனியாதான் ஆபத்து. அடுத்த முறை போகும்போது விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகத் தண்ணீரில் மாவு கலந்து கெட்டிப்படுத்த ஆரம்பிக்காதீர்கள், எவ்வளவு கெட்டி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து மட்டும் கொடுங்கள், சின்னக் கரண்டியில். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். வராத பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள்.

என் அம்மாவுக்குக் கெட்டிப்படுத்தும் மாவு கொடுத்தார்கள். ஆயுசுக்கும் கோப்பி ஓ, அதாவது பாலில்லாக் கோப்பி, குடித்தவர். முதல் வாய் வைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது கோப்பியா, கோந்தா?" பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

19 மார்ச்

திருத்தம். 12-ஆம் தேதி வட்ட மெத்தை வாங்கச் சொன்னேன், வாங்காதீர்கள். வீட்டுக்கு வருகிற நர்ஸ் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னதும் திட்டிவிட்டார். ஓட்டையைச் சுற்றியுள்ள வளையம் அழுத்தி, நடுவில் இருக்கிற சதைக்கு ரத்தம் போகாமல் தடுக்குமாம். நான் வாங்கியது இரண்டு வருடம் வீட்டில் இருந்தது. புண் வராதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அம்மா அதில் உட்கார மறுத்ததுதான் காரணம்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். குதிகால், வால் எலும்பு, இடுப்பெலும்பு, முழங்கை, பின்தலை, இந்த இடங்களை தினமும் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

புத்தகத்தில் "சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா பாருங்கள், வெளுக்காவிட்டால் புண் ஆரம்பம்" என்று போட்டிருக்கும். நம் தோலில் எங்கே சிவக்கிறது? அம்மாவின் தோல் கறுப்பு, ஒன்றுமே தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கல்லாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். நமக்குக் கை தானாகப் போகும், தெரியும். அடியில் நைந்த சதை உருவினால் இன்னும் கிழியும்.

30 மார்ச், இரவு 1.10

பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, நோன்புப் பெருநாளுக்குக் கம்போங்குக்கு, சொந்தக் கிராமத்துக்கு, போய்விட்டார். தினமும் மூன்று மணி நேரம் வருவார், அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, மலாய்க்கும் தமிழுக்கும் நடுவில் ஏதோ ஒரு மொழியில் இரண்டு பேரும் யாரையாவது வம்பளப்பார்கள். பத்து நாளைக்கு நான்தான்.

மகன் அம்மாவைக் குளிப்பாட்டுவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். 2021-இல் முதல் நாள் இருவருமே அழுதோம். அம்மா கைலியை மார்பில் முடிந்துகொண்டு, நல்ல கையால் முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டார். சோப்புப் போடவே முடியவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் வழி தெரிந்தது. தோட்டத்தில் பெண்கள் பொதுக் குழாயடியில் கைலியைக் கட்டிக்கொண்டேதான் குளிப்பார்கள். அம்மாவுக்கு அதுதான் பழக்கம். ஈரக் கைலி மேலேயே இருக்கட்டும், சோப்புத் தேய்த்த துணியை அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே எட்டுகிற இடமெல்லாம் அவரே தேய்த்துக்கொள்வார், எட்டாத முதுகும் காலும் மட்டும் என்னுடையது. அப்புறம் காய்ந்த கைலியைத் தலைவழியாகப் போட்டு, அதற்குள்ளிருந்து ஈரக் கைலியைக் கீழே இறக்கிவிட வேண்டும். எந்த நேரத்திலும் உடம்பு திறந்திருக்காது. பிசியோ இதைப் பார்த்துவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நான் அம்மாவைக் காட்டினேன்.

ஹீட்டர் தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். விழுந்த பக்கத்துக்குச் சூடு தெரியாமல் போகலாம். அடுத்து, கதவைத் தாழ் போடாதீர்கள்.

6 ஏப்ரல்

ஒருவர் கேட்டிருந்தார், அவருடைய மாமியார் இரவில் எழுந்து அலைகிறாராம். எங்கள் வீட்டிலும் உண்டு. போன வருடத்திலிருந்து அம்மாவுக்கு மறதி நோயும் சேர்ந்துகொண்டது.

காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு. காண்டா வாளி எங்க? உளி எங்க வச்ச?" பெரட்டு என்றால் விடியலில் பெயர் கூப்பிடுவது, காண்டா வாளி பால் சுமக்கும் வாளி. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் ரப்பர் பால் வெட்டினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வீடுகளாகிவிட்டது. ஆரம்பத்தில் அதைத்தான் சொன்னேன். "தோட்டம் இல்லம்மா, வித்துட்டாங்க, நாம செந்தூல்ல இருக்கோம்." ஒவ்வொரு இரவும் அந்தத் தோட்டத்தை அம்மாவிடமிருந்து புதிதாகப் பிடுங்கினேன். ஒவ்வொரு இரவும் புதிதாக அழுதார்.

பிறகு ஒருநாள் வாயில் வந்தது. "மழைம்மா. இன்னிக்கு வெட்டு இல்ல." மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் கேட்டார். படுத்துவிட்டார். அன்றைக்கு நானும் ஆறரை வரை தூங்கினேன்.

8 ஏப்ரல்

"பெற்ற தாயிடம் பொய் சொல்வதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் நாலு மணிக்கு ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வரட்டும். கோப்பி நான் போடுகிறேன்.

ஆனால் அந்தப் பொய் நீண்ட நாள் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் மழை பெய்த பிறகு அம்மா படுக்கவில்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நேத்தும் மழை, இன்னிக்கும் மழையா? அப்ப மாசக் கடைசில கடைக்காரனுக்கு என்னடா குடுக்கறது?" வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. நான் வேலையை மட்டும் நிறுத்தியிருக்கிறேன், கடனை நிறுத்தவில்லை.

சரி என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றேன். "ஞாயித்துக்கெழமைன்னா ரெட்டச் சம்பளம்டா, விடுவாங்களா?" என்று வாக்கரைத் தேடினார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இப்போது சொல்வது: "பேர் போட்டாச்சும்மா. உங்க நெறைய நான் வெட்டிட்டேன்." பேர் போட்டால் அன்றைக்குச் சம்பளம் உண்டு, நெறை என்கிற அம்மாவின் மரவரிசையும் சும்மா நிற்கவில்லை. "கெட்டிக்காரன்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் படுத்துவிடுகிறார். நான் ஒரு மரம்கூட வெட்டியதில்லை.

எங்களுக்கு உதவிய சில்லறை விஷயங்களும் உண்டு. சாயங்காலம் ஆறரைக்கே எல்லா விளக்கும் போட்டுவிட வேண்டும், நிழல் விழுந்தால் பதற்றம் கூடுகிறது. மின்னல் எஃப்எம் மெதுவாக ஓடட்டும். வாசல் கதவுக்கு உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டால் கதவு கண்ணில் படாது, வெளியே போகும் எண்ணமும் குறைகிறது. பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடுவதில்லை. எழுதுகிறேன், கடைப்பிடிப்பது பாதி நாள்தான்.

17 மே

ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா திடீரென்று என்னை அடையாளம் தெரியாமல் போனார். இரண்டு நாளில். சுவரில் பூச்சி ஓடுகிறது என்றார், சாப்பாட்டைத் துப்பினார். மறதி நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன், அவன் ஜோகூரிலிருந்து கிளம்பிவிட்டான்.

சிறுநீரில் கிருமி. ஐந்து நாள் மலச்சிக்கல் வேறு. காய்ச்சல் இல்லை, எரிச்சல் என்றும் சொல்லவில்லை. மருந்து போன மூன்றாம் நாள் "என்னடா தாடி வளத்திருக்க, யாரு செத்தா?" என்றார்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கும். இரண்டு நாளில் இறங்கினால் அது வேறு ஏதோ. கிருமியாக இருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், புது மருந்தாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நான் இரண்டு நாள் காத்திருந்தேன். அதை இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

18 மே

மேலே எழுதியதில் இரண்டு விட்டுப்போயின.

முதலாவது சர்க்கரை. கேள்வி கேட்டவரின் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டல்லவா, அவர் திடீரென்று குழம்பினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 4-க்குக் (mmol/L) கீழே இருந்தால், நன்றாக விழுங்க முடிந்தால் மட்டும், மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவருக்கு, மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். அதேபோல் வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 999. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு அம்மா கடைசியாகச் சரியாக இருந்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தை எழுதி வையுங்கள்.

இரண்டாவது சளி மாத்திரை. தூக்கம் வரவைக்கிற பழைய மஞ்சள் மாத்திரை, பிரிட்டான் வகை, வயதானவர்களைக் குழப்பிவிடும், சிறுநீரையும் கட்டிவிடும். "தூங்கட்டுமே" என்று நானே ஏப்ரலில் இரண்டு இரவு கொடுத்திருக்கிறேன். மருந்தாளர் கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன்.

முட்டிவலிப் பொடி, சந்தை மருந்து எல்லாம் வாங்குபவர்கள் பெட்டியில் "MAL" என்று தொடங்கும் அரசுப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். பதிவில்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி ஒரே நாளில் பறந்துபோகும், சர்க்கரை ஏறும்.

14 ஜூன்

காசு விஷயம். பலர் தனித்தனியாகக் கேட்டதால் ஒரே இடத்தில் போடுகிறேன். எனக்கு இந்தப் பகுதி எழுதவே அலுப்பு.

கவர்மெண்ட் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. கிளினிக் தேதியை மைசெஜாத்ரா செயலியில் பதியலாம். ஒவ்வொரு மாதமும் மருந்துக்காக வரிசையில் நிற்காதீர்கள். முதல் முறை வாங்கியதும் அடுத்தடுத்த மாதங்களுக்கு அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம், அல்லது வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும்படி எழுதித் தரச் சொல்லலாம். மருந்தகக் கவுண்டரில் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

சமூக நலத் துறை, அதாவது ஜேகேஎம், வருமானமும் தாங்க ஆளும் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு, 2025 நிலவரப்படி, மாதம் 600 வெள்ளி தருகிறது. படுத்த படுக்கையானவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்குத் தனி உதவித்தொகை உண்டு. அம்மா வாக்கரில் நடப்பதால் எனக்கு அது இல்லை. நடக்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். டாக்டர் உறுதிப்படுத்தினால் ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கலாம். எஸ்டிஆர் என்கிற அரசுப் பண உதவி வாங்கும் குடும்பத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 என்கிற அரசு சுகாதாரத் திட்டம் இருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், மருத்துவக் கருவிக்கும் 20,000 வெள்ளி வரை உண்டு.

வரி கட்டுகிறவர்களுக்கு: பெற்றோர் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு. பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் சம்பளமும் அதில் சேரும். டாக்டர் சான்றும் ரசீதும் வேண்டும், அந்த ஆள் நீங்களாகவோ உங்கள் துணையாகவோ பிள்ளையாகவோ இருக்கக்கூடாது. நான்கு வருடம் மக்சிக் சம்பளத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். எனக்கு வருமானமே இல்லை, கழிவால் என்ன பயன்? இப்போது ஜோகூர் அண்ணன் நேராக மக்சிக் கணக்கில் போடுகிறான், ரசீதும் அவன் பெயரில். உங்கள் அண்ணன்மாரிடம் "கொடுங்கள்" என்று கேட்பதைவிட "கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

16 ஜூன்

இல்லை, அம்மாவின் கமோட் நாற்காலி எந்த பிராண்ட் என்று எனக்குத் தெரியாது. ஒட்டியிருந்த தாளை அம்மா கிழித்துவிட்டார். வீட்டில் அதன் பெயர் சிம்மாசனம்.

20 ஜூலை

"பவர் ஆஃப் அட்டர்னி எழுதிவிட்டால் எல்லாம் சரி" என்று ஒருவர் போட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீலிடம் போனபோது முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் சாதாரண பவர், கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் இருக்கும் வரைதான். எந்த நாளுக்காக எழுதுகிறோமோ அந்த நாளில்தான் அது செல்லாமல் போகிறது. அப்புறம் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கக் கேட்க வேண்டும். காலமும் காசும்.

அதனால் அம்மாவுக்கு விளங்குகிற நாட்களிலேயே முடித்துவிடுங்கள்: கூட்டுக் கணக்கு, இபிஎஃப் வாரிசுப் பெயர், உயில். வலது கை விழுந்தவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. கையெழுத்து மாறிவிடும். ஒரு வங்கியில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் "கையெழுத்து ஒத்துவரவில்லை". நாலாவது முறை வேறொரு பெண் இருந்தார், கைரேகைக்கு மாற்றலாமே என்றார். பத்து நிமிடம்.

9 ஆகஸ்ட், இரவு

என் அண்ணனைப் பற்றி எப்போதும் கிண்டலாகத்தான் பேசுவேன். வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து "மஞ்சள் பால் குடு, நடக்க வை, திட்டாத" என்பான். வாட்ஸ்அப் டாக்டர் என்று மக்சிக்கிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஜூனில் அவனிடம் "உதவி செய்" என்று சொல்வதை நிறுத்தினேன். நாலு வருடமாக அதைத்தான் சொன்னேன், அவனும் நாலு வருடமாக "என்ன வேணும் சொல்லு" என்றான், நான் கோபித்துக்கொண்டு போனை வைத்தேன். இந்த முறை தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். பேம்பர்ஸ் மாதம் மூன்று பை, நீ வாங்கி அனுப்பு. மக்சிக் சம்பளம் உன்னுடையது. கிளினிக் தேதி பதிவு உன்னுடையது. மாதத்தின் மூன்றாவது சனி, ஞாயிறு இங்கே வா, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

வந்தான். நான் பத்து மலைப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் பதினான்கு மணி நேரம் தூங்கினேன். திரும்பி வந்தால் அம்மாவும் அவனும் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இடது கையால். எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

21 செப்டம்பர்

இல்லங்கள் பற்றி. 2023-இல் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை, அம்மாவை இரண்டு வாரம் ஓர் இல்லத்தில் விட்டேன். பெயர் போடப் போவதில்லை. திரும்பி அழைத்து வந்தபோது வால் எலும்பில் ஒரு வெள்ளிக்காசு அளவு புண். ஆற ஏழு வாரம்.

இல்லமே கூடாது என்று அதிலிருந்து முடிவெடுத்துவிடாதீர்கள், நான் போய்ப் பார்த்த விதம் தவறு. காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போனேன், எல்லாம் பளபள. சொல்லாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். எத்தனை பேருக்கு ஒருவர் ஊட்டுகிறார், மூத்திர வாடை அடிக்கிறதா, அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா பாருங்கள். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி ஜேகேஎம் பதிவுச் சான்று சுவரில் தொங்க வேண்டும். கேட்டால் முகம் மாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

பகலில் மட்டும் என்றால், பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் அறக்கட்டளை நடத்தும் பகல்நேர மையம் இருக்கிறது. பக்கவாதத்துக்கு நாசாம் என்கிற மறுவாழ்வு மையம், 1996-இலிருந்து நடக்கிறது, அதுவும் பெட்டாலிங் ஜெயா. அங்கே அம்மாவுக்குக் கிடைத்த பெரிய விஷயம் பயிற்சி இல்லை, தன்னைப்போல் கை விழுந்த இன்னொருவரைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் நடக்கக் கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் முதியோர் மருத்துவப் பிரிவு தனியாக உண்டு, அம்மாவின் பன்னிரண்டு மாத்திரையை ஏழாகக் குறைத்தது அப்படி ஒரு பிரிவுதான். குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, செராஸில் இருக்கும் ஹாஸ்பிஸ் மலேசியா. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை.

21 செப்டம்பர், பின்னிரவு

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். "விடாதீர்கள்" என்று கட்டளை மாதிரி எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்டவர் மூன்று மாத விடுப்பு எடுத்து, இப்போது வாரம் மூன்று நாள் வேலைக்குப் போகிறார் என்று ஜூலையில் எழுதியிருந்தார். நல்லது.

நான் விட்டிருக்கக்கூடாது என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்குப்படி அது சரிதான். ஆனால் லாரி கம்பெனியில் இருந்திருந்தால் அம்மா எந்தத் தோட்டத்தில், எந்த நிறையில், எத்தனை மரம் வெட்டினார் என்று எனக்குத் தெரிந்திருக்காது. அதற்காக விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 19 வருட வேலையை விட்டதற்கு நல்ல காரணம் தேடுகிறேனோ என்னவோ. மணி இரண்டு, இந்த நேரத்தில் எழுதுவதை நம்பாதீர்கள்.

22 அக்டோபர்

தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் மொத்தமும் வந்தது. கூட்டத்தில் அம்மா மிரண்டுவிட்டார், இரண்டு இரண்டு பேராக அறைக்குள் அனுப்பினோம். முறுக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். அது முறுக்கா என்று கேட்காதீர்கள், அம்மா கேட்டுவிட்டார்.

2 நவம்பர்

நேற்று நாலு மணிக்கு நல்ல மழை, நிஜ மழை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணைத் திறக்காமலே "பேர் போட்டாச்சும்மா" என்றேன். பதில் இல்லை. பார்த்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மழைடா" என்றார். "பெரட்டு இல்ல. நீ போய்ப் படு."

கட்டில் வேண்டும் என்று சிகாம்புட்டிலிருந்து எழுதியவருக்கு: எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். லிஃப்டில் போகாது, மூன்று பேரோடு வாருங்கள். மேலே காயும் துணி என்னுடையது.